அடித்துக் கேட்டால் உண்மை வருமா?

26 வயதில் உலகத்தைக் கேள்வி கேட்ட பெக்காரியாவின் வாழ்க்கை

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பிகூட உதவ மாட்டார்கள் என்பது நம் ஊர்ப் பழமொழி. ஊரை விட்டு வந்தாலும் இந்தப் பழமொழி நம் கூடவே வந்துவிடுகிறது.

பத்துப் பேர் சேர்ந்து தங்கியிருக்கும் ஓர் அறை. அதில் ஒரு கைக்கடிகாரம் காணாமல் போகிறது என்று வைத்துக் கொள்வோம். போன வாரம்தான் ஊரிலிருந்து வந்த பையன் மீது எல்லோருடைய பார்வையும் விழுகிறது. பயத்தில் அவனுக்கு நாக்குக் குழறுகிறது. நாலு தட்டுத் தட்டினால் கக்கி விடுவான் என்கிறார் ஒருவர். தட்டுகிறார்கள். பையனும் நான்தான் எடுத்தேன் என்கிறான். எங்கே வைத்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எடுத்திருந்தால் அல்லவா சொல்வதற்கு? மறுநாள் பெருக்கும்போது கடிகாரம் பெட்டி இடுக்கிலிருந்து கிடைக்கிறது.

அறையில் நடக்கும் இந்தக் காரியம் போலீஸ் நிலையத்தில் நடந்தால் என்ன ஆகும்? நீதிபதியின் உத்தரவுப்படியே நடந்தால்? ஐரோப்பாவின் பல நாடுகளில் சில நூறு ஆண்டுகள் இதுவே சட்டமாக இருந்தது. அந்தச் சட்டத்தின் ஆணிவேரை அசைத்தவர் ஓர் இத்தாலியர். பெயர் செசரே பெக்காரியா. அவர் போர் வீரர் அல்ல, மேடைப் பேச்சாளரும் அல்ல. கூட்டத்தைக் கண்டால் கூச்சப்படுகிறவர். அவர் எழுதியது ஒரு சிறு புத்தகம். அப்போது அவருக்கு வயது 26.

மிலான் நகரத்துத் தூண்

பெக்காரியா பிறந்தது வட இத்தாலியில் உள்ள மிலான் நகரத்தில். அவர் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே நடந்த ஒரு கொடுமையை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

1630-ம் ஆண்டு மிலானில் பிளேக் நோய் பரவியது. வீட்டுக்கு வீடு பிணம் விழுந்தது. யாரோ சுவர்களில் விஷ மருந்தைத் தடவி நோயைப் பரப்புகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. ஜூன் மாதம் 21-ந்தேதி காலை, மழை பெய்து கொண்டிருந்தது. ஒரு மனிதர் சுவர் ஓரமாக நடந்து போனதையும், கையைச் சுவரில் துடைத்ததையும் ஒரு பெண் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் பெயர் பியாசா. சுகாதார இலாகா ஊழியர். உடனே கைது செய்தார்கள்.

பியாசாவைச் சித்திரவதை செய்தார்கள். முதலில் தாக்குப் பிடித்தார். கடைசியில், குற்றத்தை ஒப்புக்கொண்டு கூட்டாளியின் பெயரைச் சொன்னால் மன்னிப்பு என்று ஆசை காட்டினார்கள். அவர் மோரா என்ற முடிதிருத்தும் தொழிலாளியின் பெயரைச் சொன்னார். மோரா பிளேக்குக்கு மருந்து தயாரித்து வந்தவர். அவரையும் கயிற்றில் கட்டித் தூக்கினார்கள். வலி தாங்காமல் ஒப்புக்கொண்டார். பிறகு அது பொய் என்று மறுத்தார். மீண்டும் தூக்குவோம் என்றதும் மறுபடியும் ஒப்புக்கொண்டார்.

இருவரையும் கொடூரமாகக் கொன்றார்கள். மன்னிப்பு என்ற வாக்குறுதி காற்றில் போனது. மோராவின் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தில் ஒரு தூணை நிறுத்தினார்கள். இங்கே குடியிருந்தவன் துரோகி என்று ஊருக்குச் சொல்லும் அவமானத் தூண் அது. பிளேக் நோயைப் பரப்பியது மருந்தல்ல, கிருமி என்பது பிற்காலத்தில் தெரிந்தது. ஆனால் 148 ஆண்டுகள் அந்தத் தூண் நின்றது. பெக்காரியா வாழ்ந்த காலத்திலும் அது அதே இடத்தில்தான் நின்று கொண்டிருந்தது.

பிரபு வீட்டுப் பிள்ளை

1738-ம் ஆண்டு மார்ச் 15-ந்தேதி பெக்காரியா பிறந்தார். பிரபுக் குடும்பம். பார்மா நகரத்தில் ஏசு சபைப் பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் சேர்த்தார்கள். கணக்கில் கெட்டிக்காரர். ஆனால் அந்தப் பள்ளியின் கண்டிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு பாவியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1758-ல் சட்டப் பட்டம் பெற்றார்.

அதன் பிறகு வீட்டிலேயே ஒரு போராட்டம். தெரசா என்ற பெண்ணைக் காதலித்தார். அந்தஸ்து போதாது என்று தந்தை மறுத்தார். பிள்ளையை வீட்டுக் காவலில் வைத்தார். பெக்காரியா பணியவில்லை. 1761-ல் தெரசாவையே மணந்து கொண்டார். வீட்டுத் தொடர்பு அறுந்தது. கையில் காசு இல்லை. அடைத்து வைத்து ஒருவன் மனத்தை மாற்ற முடியாது என்பதை அவர் தன் வீட்டிலேயே கண்டுவிட்டார் என்று சொல்லலாம்.

தந்தைக்கும் மகனுக்கும் சமாதானம் செய்து வைத்தவர் பியத்ரோ வெர்ரி என்ற நண்பர். பெக்காரியாவை விடப் பத்து வயது மூத்தவர். இவரும் பிரபு வீட்டுப் பிள்ளையே.

முஷ்டிக் கழகம்

வெர்ரியின் வீட்டில் மாலை நேரங்களில் சில இளைஞர்கள் கூடுவார்கள். படிப்பார்கள், விவாதம் செய்வார்கள். சத்தம் தெருவரை கேட்கும். வாக்குவாதம் முற்றி முஷ்டியால் குத்திக் கொள்கிறார்கள் என்று ஊரார் கேலி செய்தார்கள். அந்தக் கேலியையே அவர்கள் பெயராக ஏற்றுக் கொண்டார்கள். முஷ்டிக் கழகம் என்று பெயர் வைத்தார்கள். 1764 முதல் 1766 வரை காப்பிக்கடை என்று பொருள்படும் பெயரில் ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள்.

பியத்ரோவின் தம்பி அலெசாந்த்ரோவும் இந்தக் கூட்டத்தில் ஒருவர். அவருக்குக் கைதிகளின் பாதுகாவலர் என்ற பதவி. சிறைக்குப் போய்க் கைதிகளின் குறைகளைக் கேட்பது வேலை. அங்கே கண்டதையும் கேட்டதையும் மாலையில் வந்து நண்பர்களிடம் சொல்வார்.

பெக்காரியாவோ சோம்பேறி என்று பெயர் எடுத்தவர். எதையும் தள்ளிப் போடுவார். கொஞ்ச நேரம் எழுதினால் களைத்துப் போவார். அவரைப் பிடித்து உட்கார வைத்து, தண்டனை முறைகளைப் பற்றி எழுதும்படி தூண்டியவர் பியத்ரோ. 1763 மார்ச்சில் எழுதத் தொடங்கி, 1764-ம் ஆண்டு தொடக்கத்தில் முடித்தார். பியத்ரோ அதைத் திருத்திப் படி எடுத்துக் கொடுத்தார்.

குற்றங்களும் தண்டனைகளும் என்பது புத்தகத்தின் பெயர். மிலானில் அச்சிடப் பயந்து, டஸ்கனி நாட்டின் லிவோர்னோ துறைமுக நகரத்துக்கு அனுப்பினார்கள். 1764-ல் அங்கே அச்சாகி வெளிவந்தது. அட்டையில் ஆசிரியர் பெயர் இல்லை.

அன்றைய சட்டம்

சித்திரவதை என்றதும், ஆத்திரத்தில் யாரோ அடிப்பது என்று நினைக்கக் கூடாது. அன்றைக்கு அது நீதிமன்றத்தின் முறையான நடவடிக்கை. பெரிய குற்றத்தில் தண்டனை கொடுக்க வேண்டுமானால் நேரில் பார்த்த இரண்டு சாட்சிகள் வேண்டும். அல்லது குற்றவாளியே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு சாட்சி, கொஞ்சம் சந்தேகம் என்றால் அது அரை ஆதாரம். மீதி அரையை எங்கே தேடுவது? சந்தேகப்பட்டவனின் உடம்பில் தேடினார்கள்.

கைகளை முதுகுப் பக்கம் கட்டி, கப்பியில் கயிறு போட்டு மேலே தூக்குவார்கள். எழுத்தர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக் கொள்வார். கீழே இறக்கிய பின்பு, சொன்னதை அவன் மீண்டும் உறுதிப்படுத்த வேண்டும். மறுத்தால் திரும்பவும் கயிறுதான்.

பெக்காரியா கேட்ட கேள்விகள்

பெக்காரியா இதை இரக்கம் என்ற ஒரே கண்ணால் பார்க்கவில்லை. கணக்குப் பிள்ளையின் கண்ணாலும் பார்த்தார். அவருடைய வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி வரும்.

ஒருவன் குற்றம் செய்தான் என்பது ஏற்கெனவே நிச்சயமாகத் தெரியுமா? தெரியும் என்றால் அவன் ஒப்புக்கொள்ளத் தேவையே இல்லை. நிச்சயமாகத் தெரியாது என்றால் அவன் நிரபராதியாக இருக்கலாம். நிரபராதியை வதைக்க யாருக்கு உரிமை? தீர்ப்புச் சொல்லும்வரை எவரையும் குற்றவாளி என்று அழைக்கக் கூடாது.

அடுத்தது, வலிக்கும் உண்மைக்கும் என்ன சம்பந்தம்? கயிற்றில் தொங்குகிறவனிடமிருந்து வருவது அவன் உடம்பின் பலத்தைக் காட்டும். அவன் செய்தானா இல்லையா என்பதைக் காட்டாது. உரம் பாய்ந்த கொள்ளைக்காரன் பல்லைக் கடித்துக் கொண்டு தப்பி விடுவான். மெலிந்த நிரபராதி ஒப்புக்கொண்டு மாட்டிக் கொள்வான்.

இன்னும் ஒன்றையும் சுட்டிக் காட்டினார். பதிலைக் கேள்வியிலேயே ஊட்டும்படி விசாரிக்கக் கூடாது என்று அன்றைய சட்டமே தடுத்திருந்தது. நீ கத்தியால் குத்தினாயா என்று நேரடியாகக் கேட்பதுகூடத் தவறு. அப்படியிருக்க, வலியை விடப் பெரிய ஊட்டும் கேள்வி எது? ஆமாம் என்று சொன்னால் வலி நிற்கும் என்று அது சொல்லிக் கொடுக்கிறதே! விசாரணை செய்கிறவர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அதையே எதிரில் இருப்பவன் சொல்வான். மோரா செய்ததும் அதுதான்.

தண்டனை கடுமையாக இருப்பதை விட, அது தப்பாமல் கிடைக்கும் என்பதே குற்றத்தைத் தடுக்கும் என்றார். ரகசியமாகக் குற்றம் சாட்டக் கூடாது, விசாரணை எல்லோரும் காண நடக்க வேண்டும் என்றார். மரண தண்டனையே வேண்டாம் என்று வாதாடினார்.

புகழும் பயமும்

புத்தகம் காட்டுத் தீ போலப் பரவியது. ஒரு பாதிரியார் அதைத் தாக்கி எழுதினார். பெக்காரியா பயந்து போனார். வெர்ரி சகோதரர்களே அவருக்காகப் பதில் எழுதினார்கள். அப்போது மிலானை ஆண்ட ஆஸ்திரிய அரசின் பிரதிநிதி பிர்மியான் பிரபு, அவருக்குத் தீங்கு வராமல் பார்த்துக் கொண்டார். 1766-ல் போப்பாண்டவரின் சபை அந்தப் புத்தகத்தைத் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு பிரான்சில் அறிஞர் வால்டேர் அதைப் பாராட்டி விளக்க உரை எழுதினார்.

பாரீஸ் நகரத்து அறிஞர்கள் பெக்காரியாவை அழைத்தார்கள். 1766 அக்டோபரில் அலெசாந்த்ரோவுடன் போய்ச் சேர்ந்தார். விருந்து, பாராட்டு, கூட்டம். பெக்காரியாவுக்கோ கூச்சம். மனைவி நினைவு வாட்டியது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்த வேதனை புரியும். பல மாதம் தங்குவதாகப் போனவர் டிசம்பரிலேயே வீடு திரும்பி விட்டார். நண்பர்களுக்கு ஏமாற்றம். கோபமும் வந்தது. புத்தகத்தின் பெருமை யாருக்கு என்ற பேச்சும் எழுந்தது. வெர்ரி சகோதரர்களுடன் இருந்த நட்பு முறிந்தது.

ரஷிய மகாராணி காதரீன், சட்டங்களைச் சீர்திருத்த வரும்படி அழைத்தார். பெக்காரியா போகவில்லை. ஆனால் 1767-ல் மகாராணி வெளியிட்ட சட்ட அறிவுரைகளில் பெக்காரியாவின் கருத்துகள் நிறைய இடம் பெற்றன.

சர்க்கார் உத்தியோகம்

இத்தனை புகழ் பெற்றவர் மீதி வாழ்நாளை எப்படிக் கழித்தார்? சர்க்கார் உத்தியோகத்தில்! 1768-ல் மிலானில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். 1771-ல் அரசுப் பொருளாதாரக் குழுவில் உறுப்பினர் ஆனார். நாணயம், எடை, அளவு, தானியம் என்று கோப்புகளைப் பார்த்தே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. முதல் புத்தகம் போல இன்னொன்றை அவர் எழுதவே இல்லை.

அவரிடம் குறைகளும் இருந்தன. 1774-ல் தெரசா இறந்தார். சில மாதங்களிலேயே பெக்காரியா மறுமணம் செய்து கொண்டார். மூத்த மகள் ஜூலியாவைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் விட்டுவிட்டார். தாயின் சொத்துக்காகப் பெற்ற தகப்பனோடு மகள் வழக்காட வேண்டி வந்தது. உலகத்துக்கு நியாயம் சொன்னவர் வீட்டில் அந்த நியாயத்தைக் காட்டவில்லை.

ஆனாலும் கடைசி வரை கொள்கையை விடவில்லை. 1791-ல் குற்றவியல் சட்டத்தைச் சீர்திருத்தும் குழுவில் சேர்க்கப்பட்டார். மறு ஆண்டு மரண தண்டனைக்கு எதிராகக் கருத்து எழுதிக் கொடுத்தார். 1794-ம் ஆண்டு நவம்பர் 28-ந்தேதி, 56-வது வயதில் மிலானில் காலமானார்.

சரிந்த தூண்

அவர் வாழ்நாளிலேயே சட்டங்கள் மாறத் தொடங்கின. சித்திரவதையை சுவீடன் 1772-லும் ஆஸ்திரியா 1776-லும் ஒழித்தன. மிலானின் நீதி சபை மட்டும் பிடிவாதம் பிடித்தது. அந்தச் சபையில் பியத்ரோ வெர்ரியின் தந்தையே பெரிய பதவியில் இருந்தார்! அவமானத் தூண் வழக்கின் பழைய கட்டுகளைப் படித்து, சித்திரவதைக்கு எதிராகப் பியத்ரோ எழுதிய நூல் 1804 வரை அச்சாகவில்லை. அதற்குள் பியத்ரோவே இறந்து போனார்.

1778-ல் தூண் அகற்றப்பட்டது. 1784-ல் மிலானிலும் சித்திரவதை ஒழிந்தது. 1786-ல் டஸ்கனி மன்னர் லியோபோல்டு சித்திரவதையோடு மரண தண்டனையையும் சேர்த்தே ஒழித்தார். பெக்காரியாவின் புத்தகம் அச்சான நாடு அல்லவா அது!

ஜூலியாவின் மகன்தான் இத்தாலியின் புகழ் பெற்ற நாவலாசிரியர் மன்சோனி. பாட்டனார் காலத்தில் சரிந்த தூணின் முழுக் கதையையும் 1842-ல் எழுதி வெளியிட்டவர் இந்தப் பேரன்தான்.

நம் நாட்டில்

நம் கதை என்ன? அன்றைய சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தைக் கண்டுபிடிக்கவும் ஜனங்களை வதைக்கிறார்கள் என்று 1854-ல் லண்டன் பார்லிமெண்டிலேயே பேச்சு எழுந்தது. விசாரணைக் கமிஷன் போட்டார்கள். 1855-ல் வந்த அதன் அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கின்றன. ஒன்று கிட்டி. விரல்களைக் கட்டைகளுக்கு இடையே வைத்து நெரிப்பது. இன்னொன்று அண்ணாந்தாள். உடம்பை வளைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து நிறுத்துவது. வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே ஆட்கள் கையில் இருந்ததும் இதற்கு ஒரு காரணம். 1859-ல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது.

1861-ல் ஒரு முக்கியமான விதி பிறந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது அந்த விதி. 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவாக அது இடம் பெற்றது. 2024 ஜூலை 1-ந்தேதி முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் 23-வது பிரிவாகத் தொடர்கிறது. இதில் ஒரு விலக்கு உண்டு. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பேச்சு மட்டும் செல்லும்.

ஆனாலும் அடி நின்று விட்டதா? நின்றிருந்தால் 1996-ல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அத்தனை உத்தரவுகள் போட்டிருக்க வேண்டியதில்லை. கைதுக் குறிப்பு எழுதி, அதில் ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும். இவை அந்தத் தீர்ப்பில் உள்ளவை. கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 20-வது பிரிவு. வெளியூரில் பிழைக்கும் நம்மவர்கள் இவற்றை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

அடிக்காமல் கேட்பது எப்படி?

அடிக்காவிட்டால் திருடனை எப்படிப் பிடிப்பது என்று கேட்கலாம். இங்கிலாந்து இதற்கு ஒரு பாடம். 1974-ல் அங்கே நடந்த குண்டு வெடிப்புகளுக்காகப் பத்துப் பேர் தண்டனை பெற்றார்கள். போலீஸ் காவலில் வாங்கிய வாக்குமூலங்கள் முக்கிய ஆதாரம். 1989-லும் 1991-லும் அந்தத் தண்டனைகள் ரத்தாயின. பத்துப் பேரும் பதினைந்து ஆண்டு வாக்கில் சிறையில் கழித்த பின்பு வெளியே வந்தார்கள்.

அதன் பிறகு அங்கே விசாரணை முறையையே மாற்றினார்கள். 1992 முதல் போலீசாருக்குப் புதிய பயிற்சி அளித்தார்கள். முதலில் ஆதாரங்களைத் திரட்டித் தயாராக வேண்டும். எதிரில் இருப்பவருக்கு அவருடைய உரிமைகளை விளக்க வேண்டும். அவர் தம் கதையைத் தம் வாயால், இடைமறிக்காமல் சொல்ல விட வேண்டும். பிறகு கையில் உள்ள ஆதாரத்தோடு ஒத்துப் பார்த்துக் கேட்க வேண்டும். பேச்சு முழுவதும் பதிவாக வேண்டும். பொய் சொல்கிறவன் தன் கதையிலேயே தடுக்கி விழுவான். நிரபராதியின் கதை நிற்கும்.

இதே வழியை உலகம் முழுவதற்கும் எடுத்துச் சொல்லும் மெண்டெஸ் கோட்பாடுகள் 2021-ல் வெளிவந்தன. அந்தப் பெயருக்கு உரியவரான ஹுவான் மெண்டெஸ் அர்ஜென்டினா நாட்டு வக்கீல். அரசியல் கைதிகளுக்காக வாதாடியதால் தாமே சித்திரவதைக்கு ஆளானவர். பின்னாளில் ஐக்கிய நாடுகள் சபைக்காகச் சித்திரவதைப் புகார்களை ஆராய்ந்தவர்.

மிலான் நகரத்துக் கூச்ச சுபாவி 1764-ல் போட்ட கணக்கு இன்னும் தப்பவில்லை. அடித்து வாங்கிய பதில், அடித்தவனின் பதில். அதைக் கையில் வைத்துக் கொண்டு நிரபராதியைத் தண்டிக்கும்போது, உண்மையான திருடன் தெருவில் சுதந்திரமாக நடக்கிறான்.

அடுத்த முறை நம் அறையில் ஏதாவது காணாமல் போனால், ஊரிலிருந்து புதிதாக வந்த பையன் மீது கை ஓங்குவதற்கு முன்பு, அவனுக்குப் புரியும் மொழியில் நாலு கேள்வி கேட்போம். பெட்டி இடுக்கையும் ஒரு முறை பார்த்து விடுவோம்.